பாக்கியம் அம்மாள் கழற்றி வைத்த செருப்பு

சென்ற ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், நமது மாதர் வாசிப்புக் கூட்டத்திற்காக ஓட்டுக் கொட்டகையில் பாய்களை விரித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ரெயிலில் வேலூருக்குப் போய், ஆஸ்பத்திரியில் இருந்த பாக்கியம் அம்மாளைப் பார்ப்பதாக இருந்தேன். அவருக்குக் கொண்டுபோக வறுத்த வேர்க்கடலையைத் துணியில் முடிந்து தையல் மெஷின்மேல் வைத்திருந்தேன். பட்டைக் கொட்டகையில் அவருடன் வேலை செய்த கன்னியம்மாள் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"யக்கா, பாக்கியம் போய்ட்டாக்கா."

"ஆஸ்பத்திரியிலா?"

"ஆஸ்பத்திரில இல்லக்கா. மூணு நாளைக்கு முன்னாலயே வூட்டுக்குக் கொண்டாந்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாங்க."

இரண்டு தெரு தள்ளி அவர் மூன்று நாள் கிடந்திருக்கிறார். நான் இங்கே இரவிக்கைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாயில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர், "இன்னா ஆச்சாம்?" என்று கேட்டார். "கால்ல முள்ளு குத்திச் செத்துட்டா" என்றார் மற்றொருவர். "அவ்ளோதான் ஆயுசு" என்றார் மூன்றாமவர். அத்துடன் விசாரணை முடிந்தது.

சகோதரிகளே, முள் குத்தி நம்மில் எவர் செத்திருக்கிறோம்? விறகுக்கும் தண்ணீருக்கும் தினமும் முள்ளில் நடப்பவர்கள் நாம். பாக்கியம் அம்மாளைக் கொன்றது முள் அன்று. அந்த முள்ளைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். சொல்ல வேண்டியவளே நான்தான்.

இதை அச்சிட இசைந்த பத்திரிகாசிரியர், "காலில் கண்ட ரணத்தால் காலமானார் என்று எழுதினால் போதுமே, அம்மா. ஒரு ஸ்திரீயின் சிறுநீரைப் பற்றியெல்லாம் பத்திரிகையில் வேண்டாமே" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அவருக்கு அதே மரியாதையுடன் பதில் எழுதினேன். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் அல்லேன். மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த காகிதங்களை விரித்து, ஓர் எழுத்தோடு ஓர் எழுத்தைக் கூட்டி, ஒருவர் உதவியும் இன்றிப் படிக்கக் கற்றவள். அப்படிக் கற்ற எழுத்தை, உள்ளதை மறைப்பதற்காகச் செலவிட எனக்குச் சம்மதமில்லை. நோயின் பெயர் நீரிழிவு. வேண்டுமானால் அச்சிடட்டும், வேண்டாமெனில் நான் இதைக் கூட்டத்தில் வாசித்துவிட்டுப் போகிறேன் என்று எழுதினேன். அச்சிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

பாக்கியம் அம்மாளை நான் முதன்முதல் கண்டது தோல் தொழிற்சாலையின் பட்டைக் கொட்டகையில். தோல் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையைப் பெண்கள் இடிக்கும் இடம் அது. வாசிப்புக் கூட்டத்திற்கு ஆள் சேர்ப்பதற்காகப் போயிருந்தேன். அங்கே பெண்கள் வெளியே போய்வர ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் மேஸ்திரி விடுவார். பாக்கியம் அம்மாள் ஐந்தாம் முறையாக எழுந்தார்.

"ஏய் பாக்கியம், இப்பத்தான போய்ட்டு வந்த? இன்னா, கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சறியா?"

"ஆமா மேஸ்திரி. தண்ணி குடிக்க ஒரு ஆளு, வெளிய போவ ஒரு ஆளு, பட்டை இடிக்க ஒரு ஆளுன்னு மூணு பாக்கியமா வேலைக்கு வை. மூணையும் நான் ஒருத்தியே பாக்கறேன். உனக்கு இன்னா பேஜாரு?"

கொட்டகை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். "பாக்கியம் வந்தா பானை காலி" என்று அங்கே ஒரு கேலி வழங்கிவந்ததை நீங்கள் அறிவீர்கள். ஒரு பெண் பகலெல்லாம் பானைத் தண்ணீரைக் குடித்தும் தாகம் தீராமல் இருக்கிறாளே, ஏன் என்று அத்தனை பேரில் ஒருவர் கேட்டோமா? மேஸ்திரியை மட்டும் ஏசி இந்தப் பத்தியை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய மூன்று பிரசவங்களையும் நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மூன்றும் பெரிய பிள்ளைகள். மூன்றாவதைக் கழுவித் துணியில் சுற்றியவள் நான். ஆறு மாதம் பால் குடித்து வளர்ந்த குழந்தையைப்போல் கனத்தது. கன்னமும் தொடையும் மடிப்பு மடிப்பாக இருந்தன. மூச்சு மட்டும் இல்லை. மருத்துவம் பார்க்க வந்த அம்மாள், "ராஜா கணக்கா புள்ளையாச்சே, யாரு கண்ணு பட்டுதோ" என்றார். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "வயித்துக்குள்ள வளக்கறா, வெளிய வந்ததும் வாரிக் குடுக்கறா" என்றார். அதைக் கேட்டபடி படுத்துக் கிடந்த பாக்கியம் அம்மாள் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "என் வயிறு கஞ்சத்தனம் பண்ணலக்கா. ஜாஸ்தியாவே போட்டு வளத்துடுச்சி."

பல வருஷம் கழித்து வேலூர் டாக்டரம்மாள் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். தாயின் இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை பிள்ளையை அளவுக்கு மீறி வளர்க்கும். வளர்த்தே கொல்லவும் கூடும் என்றார். படித்த வைத்தியருக்குத் தெரிந்தது பட்டை இடித்த பெண்ணுக்கும் தெரிந்திருந்தது. நோயின் பெயர்தான் தெரியவில்லை.

அடுத்து வந்தது அரிப்பு. மறைவிடத்தில், நிற்கவும் உட்காரவும் விடாத அரிப்பு. பத்திரிகாசிரியர் மன்னிக்க வேண்டும். மூத்திரத்தில் சர்க்கரை போகும் பெண்களுக்கு அது வரும் என்று டாக்டரம்மாள் என் எதிரிலேயே சொன்னார். ஆனால் நம் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கெட்ட வியாதி. கணவர் தனியாகப் பாயை எடுத்துப் போட்டுக்கொண்டார். குழாயடியில் பாக்கியம் அம்மாளின் குடத்தை மற்றக் குடங்களோடு வைக்கவிடவில்லை. என் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் அவர் எல்லாவற்றையும் சொன்னார். மெஷினை மட்டும் நிறுத்தாதீர்கள், சத்தத்தில் சொல்லிவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். துணியே இல்லாமல் மெஷினை ஓட்டினேன்.

இருவரும் ஊரில் இருந்த ஒரு மருந்துச்சாலைக்குப் போனோம். நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும், மறுநாள் காலை ஒரு சீசாவில் கொடுத்தனுப்புங்கள் என்றார்கள். தைலச் சீசா ஒன்றை வெந்நீரில் கொதிக்கவைத்துக் கொடுத்தேன். ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் பெயரையும், கணவர் பெயரையும், தெருவின் பெயரையும் முத்து முத்தாக எழுதி ஒட்டினேன். சீசாவை எடுத்துப்போனவர் கணவர். இரண்டு நாளில் பதில் வந்தது: சர்க்கரை இல்லை. கூடவே, காகிதத்தில் இருந்த கையெழுத்து மிக நேர்த்தி என்று கம்பவுண்டர் பாராட்டியதாகவும் சொன்னார்கள். நான் மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இன்று என் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சர்க்கரை இல்லையென்றால் மிஞ்சியது கெட்ட வியாதிதானே? அதற்கு மருந்து கொடுத்தார்கள். பாதரசம் கலந்த மருந்து. பல் ஆடியது, வாய் புண்ணானது, அரிப்பு நிற்கவில்லை. இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. இரண்டு வருஷமும் அவர் நம் கூட்டத்தில் கடைசிப் பாயில், எவர் மேலும் படாமல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்.

உண்மை ஒரு சண்டையில் வெளிவந்தது. கணவருக்கு இரண்டாங்கலியாணம் பேச மாமியார் புறப்பட்ட நாள் அது. நான் தைத்த துணியைக் கொடுக்கப் போயிருந்தேன். பாக்கியம் அம்மாள் குரலை உயர்த்தினார். மாமியார் அதற்கு மேல் உயர்த்தினார்.

"யாருகிட்டடி பேசற? உன் மானத்தைக் காப்பாத்துனவளே நான்தான்! உன் மூத்திரத்தை அந்த ஆம்பள கம்பவுண்டரு வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சிப் பாக்கறதா? நம்ம வூட்டுப் பொம்பள எவளுக்காச்சும் அந்த அசிங்கம் நடந்திருக்குதா? என் புள்ளையோடத ஊத்தி அனுப்பினேன்டி. அது இல்லன்னா தெருவே சிரிச்சிருக்கும்."

கணவர் அங்கேதான் இருந்தார். தலையைத் தூக்கவில்லை. அவருக்கும் தெரியும். இரண்டு வருஷம் தெரியும். மனைவியின் வாய் புண்ணாகிக் கஞ்சியும் இறங்காத நாட்களிலும் தெரியும்.

பாக்கியம் அம்மாள் என் பக்கம் திரும்பினார். சிரித்தார். "கேட்டீங்களா பண்டிதரம்மா? என் பேருல அவரு பாஸ் பண்ணிட்டாரு."

என் பேச்சைக் கேலி செய்ய அவர் வைத்த பெயர் பண்டிதரம்மா. அந்தப் பெயரில் என்னை அழைக்க இனி ஒருவரும் இல்லை.

மாமியாரைப் பொல்லாதவர் என்று எழுதிவிட்டால் நமக்கெல்லாம் சௌகரியமாக இருக்கும். அவர் பொல்லாதவர் அல்லர். ஞாயிறன்று பிணத்தின் தலைமாட்டில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான். அந்த அழுகை பொய்யில்லை. மருமகளுக்கு நன்மை செய்ததாகவே இன்றும் நம்புகிறார். பெண்ணின் உயிரைவிடப் பெண்ணின் நீர் மானமுள்ளது என்று அவருக்குச் சொல்லிவைத்தது யார்? நாம் எல்லோரும் சேர்ந்துதான்.

அந்த வாரமே காட்பாடியில் ரெயிலை விட்டிறங்கி, ஜட்கா வைத்து, வேலூரில் பெண்களுக்குப் பெண்களே வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாள் எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு கண்ணாடிக் குழலில் நீலத் திராவகத்தை எடுத்து, அதில் சிறுநீரின் சில துளிகளை விட்டு, விளக்கில் சூடு காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. பாக்கியம் அம்மாள் குனிந்து பார்த்தார்.

"அட, பட்டைத் தண்ணில ஊறுன தோலு கலரு! எத்தினி வருஷமா என்னை ஊற வச்சிருக்குது பாருங்கக்கா."

டாக்டரம்மாள் சிரிக்கவில்லை. சோற்றைக் குறை, வெல்லத்தை விடு, கீரையும் மோரும் சேர் என்றார். காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று ஊசியால் தொட்டுக் காட்டினார். ஊசி பட்டது அவருக்குத் தெரியவில்லை. "செருப்பில்லாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்" என்றார். இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். இந்த வாக்கியத்தை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே நோய் நம் ஊரில் ஒரு முதலாளிக்கும் இருக்கிறது. அவருக்குச் சென்னையிலிருந்து ஐஸ் பெட்டியில் ஊசிமருந்து வருகிறது. கோதுமையைத் தனியாக அரைக்கிறார்கள். "ராஜ வியாதி" என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அவர் எத்தனை முறை எழுந்து வெளியே போனாலும் மேஸ்திரி எண்ணுவதில்லை. நோய் ஒன்றுதான். அவருக்கு அது அந்தஸ்து. இவருக்கு அது அவமானம். வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சிய சோறே இவர் பத்தியம். வருகிறவர்கள் எல்லாம் ஆவாரம்பூவைக் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னார்கள். அதற்கு இவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "பூவைக் குடிச்சா சரியாய்டும்னா, இருவது வருஷமா அந்தப் பட்டைத் தூசியத் தின்னுகினு இருக்கறனே, எனக்குத்தான் மொதல்ல சரியாயிருக்கணும்."

ஆனாலும் செருப்பு வாங்கினார். நம் ஊர்த் தோலில், கடைத்தெருவில் அளவெடுத்துத் தைத்தது. "இத்தினி தோலுக்குப் பட்டை இடிச்சதுல, இன்னிக்குத்தான் ஒரு சாண் தோலு என் காலுக்கு வந்துது" என்று எனக்குக் காட்டினார். கூலிக்காரப் பெண் செருப்புக் காலோடு நடப்பதை இந்த ஊர், உலகத்திற்கே தோல் அனுப்பும் இந்த ஊர், எப்படிப் பார்த்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். "வராங்க பாரு துரைசானி" என்றார்கள். மேஸ்திரி வாசலில் கழற்றச் சொன்னார். "கால் போனா நீ குடுப்பியா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டு அவர் நேரே உள்ளே போனார். மாமியார் கழற்றச் சொன்னார்; அப்போதும் கழற்றவில்லை. கோயில் வாசலில் மட்டும் நின்று, தெருவிலிருந்தே கும்பிட்டுவிட்டு வந்தார். மூன்று வருஷம் அந்தச் செருப்பு அவர் காலைக் காத்தது. எவர் சொல்லியும் கழற்றாத பெண்ணை ஒருவர் கழற்றச் செய்தார்.

அவர் பெயரை எழுதுகிறேன். நான்.

நமது கூட்டத்திற்கு ரெயில்வே குமாஸ்தாவின் மனைவி போன்ற சிலர் வரத் தொடங்கியபின், இடம் கண்ணியமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை பிறந்தது. பலகையில் நீல மையால், "பாதரட்சைகளை வெளியே விடுத்து உள்ளே வருக" என்று எழுதி வேலி வாசலின் கதவான படலிலே மாட்டினேன். என் எழுத்து நன்றாக அமைந்தது என்று இரண்டு முறை நின்று பார்த்தேன். அந்த ஞாயிறு பாக்கியம் அம்மாள் படலருகே நின்று, எழுத்துக் கூட்டி, உரக்கப் படித்தார்.

"பண்டிதரம்மா, செருப்புன்னு எழுதினா கையா வலிக்கும்?" என்றார். பிறகு, "எனக்குமா?" என்று கேட்டார்.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பாக்கியம்" என்றேன்.

மேஸ்திரிக்குக் கொடுத்த பதிலை எனக்குக் கொடுக்கவில்லை. என்மேல் வைத்திருந்த மதிப்பு அவர் வாயை அடைத்தது. செருப்பைக் கழற்றிப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு, படலிலிருந்து கொட்டகை வரை இருபது அடி நடந்தார். வேலிக்கு வெட்டிப் போட்டிருந்த முள் அங்கே கிடந்தது. அவர் நிற்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. குத்தியது அவருக்கே தெரியாது. அன்று வாசித்த பக்கத்தைத் தடையில்லாமல் வாசித்தார். நான் பாராட்டினேன்.

அந்த வாரம் முழுவதும் கால் உள்ளே அழுகியிருக்கிறது. வலி இருந்தால் சொல்லியிருப்பார். வலியை நோய் முன்னமே தின்றுவிட்டது. நாற்றம் இருந்தது. ஆனால் சுண்ணாம்பிலும் தோலிலும் ஊறிய இந்த ஊரில் ஒரு பெண்ணின் காலிலிருந்து வரும் நாற்றத்தை எந்த மூக்குத் தனியாகப் பிரித்தறியும்? பாதத்தைத் தினமும் திருப்பிப் பார்த்தவர், அந்த வாரம் மாமியாருக்குக் காய்ச்சல் என்று இரவும் பகலும் அவர் அருகில் இருந்ததால் பார்க்கவில்லையாம். அடுத்த ஞாயிறு கூட்டம் முடிந்து, படலருகே வலது செருப்பை மாட்டப் பார்த்தார். கால் நுழையவில்லை. கன்னியம்மாள் சேலை விளிம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். அங்கிருந்தே நேரே ரெயிலடிக்குத் தூக்கிப்போனோம். செருப்பு படலருகிலேயே கிடந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றிவிடலாம் என்றார் டாக்டரம்மாள். பாக்கியம் அம்மாள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "எடுங்க டாக்டரம்மா. உக்காந்துகினு பட்டை பொறுக்கறேன். வாயி இருக்குது, அது போதும் எனக்கு." பின்னால் வந்து சேர்ந்த கணவர், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். நான் அவரை நம்பிப் புதன்கிழமை ஊர் திரும்பினேன். "ஒத்தக்கால் பொம்பளைய வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று வைத்தியர்களிடம் சொல்லிவிட்டு, மறுநாளே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாராம். கால் யாருடையது? உயிர் யாருடையது? வெட்டுங்கள் என்று உரியவளே வாய்விட்டுச் சொன்னபின் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளை அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். துக்க வீட்டில் குரல் உயர்த்துகிறாள் என்றார்கள். இங்கும் உயர்த்துகிறேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன். பின்புறம் திருப்பி, "செருப்போடு உள்ளே வாங்க" என்று எழுதி மாட்டியிருக்கிறேன். இது பேச்சுமொழி; நான் இதுவரை எழுதாத மொழி. வருகிற ஞாயிறு வாசிப்புக்கு முன் எல்லோரும் ஒருவர் பாதத்தை ஒருவர் திருப்பிப் பார்ப்போம். உங்களில் தாகம் தீராதவர்கள், பெரிய பிள்ளையைப் பெற்றுப் புதைத்தவர்கள், சொல்ல முடியாத அரிப்பை மெஷின் சத்தத்தில் சொல்ல விரும்புகிறவர்கள் என்னிடம் வாருங்கள். உங்கள் சீசாவை உங்கள் கையிலிருந்தே வாங்கி, நானே வேலூருக்குக் கொண்டுபோகிறேன். வழியில் எவர் கையிலும் கொடுக்கமாட்டேன். யாராவது, கையில் என்ன என்று கேட்டால் சொல்லவும் செய்வேன்.

பாக்கியம் அம்மாளிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டவை அதிகமில்லை. அவர் சிரிப்புக்குப் பின்னால் இருந்த கோபத்தை வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு உரிய பங்கு என்மேலேயே இருக்கிறது. அந்தச் செருப்பையும் வைத்துக்கொண்டேன். இடது செருப்பு குதிகாலில் தேய்ந்திருக்கிறது. வலது செருப்பில் அவர் கடைசியாக நுழைக்கப் பார்த்த விரல்களின் தடம் இருக்கிறது. இரண்டையும் துடைத்து என் மெஷினுக்கு அடியில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறேன். உள்ளே வைத்திருக்கிறேன்.